பூசைக்கு ‘மிஸ்ஸா’ என்று பெயர் வந்தது ஏன்?



நம் ஆயக்குடியிலே பெரியவர்கள் இன்றைக்கும் ‘பூசைக்குப் போறேன்’ என்றுதான் சொல்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பிலே பிள்ளைகள் ‘திருப்பலி’ என்று படிக்கிறார்கள். ஆங்கிலப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளைக் கேட்டால் ‘மாஸ்’ என்கிறார்கள். ஒரே வீட்டில், ஒரே வழிபாட்டுக்கு மூன்று பெயர்கள். இவற்றில் ‘பூசை’, ‘திருப்பலி’ என்ற இரண்டுக்கும் பொருள் நமக்குத் தெரியும். ‘மாஸ்’ என்றால் என்ன பொருள் என்று கேட்டால் சொல்லத் தயங்குவோம். சினிமா பார்க்கிற இளைஞர்கள் ‘மாஸ்’ என்று சொல்லும் சொல் வேறு. அது திரளைக் குறிப்பது, பிசைந்த மாவைக் குறிக்கும் ‘மாஸ்ஸா’ என்ற சொல்லின் வழி வந்தது. நம் வழிபாட்டுக்கு வழங்கும் ‘மாஸ்’, ‘மிஸ்ஸா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்த ஒரு சொல்லைத்தான் இன்று நாம் சேர்ந்து சிந்திக்கப் போகிறோம். ஒவ்வொரு ஞாயிறும் நாம் கோவிலை விட்டு எப்படி வெளியே போகிறோம் என்பதோடு அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

சொல்லின் வேர்

லத்தீன் மொழியில் ‘மித்தெரே’ என்றால் ‘அனுப்புதல்’. லத்தீன் அகராதியைத் திறந்தால் ஒரு வினைச்சொல்லுக்கு நான்கு வடிவங்களைக் கொடுத்திருப்பார்கள். இந்த வினைக்கு அவை மித்தோ, மித்தெரே, மீசி, மிஸ்ஸும் என்பவை. ‘மித்தோ’ என்றால் அனுப்புகிறேன். ‘மித்தெரே’ என்றால் அனுப்புதல். ‘மீசி’ என்றால் அனுப்பினேன். நான்காம் வடிவத்திலிருந்துதான் நமக்கு வேண்டிய சொல் பிறக்கிறது: மிஸ்ஸுஸ், மிஸ்ஸா, மிஸ்ஸும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது கடினமாக இராது. அனுப்பப்பட்டவன், அனுப்பப்பட்டவள், அனுப்பப்பட்டது என்று நாமும் சொல்லின் கடைசியை மாற்றித்தான் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் காட்டுகிறோம். அப்படியே மிஸ்ஸுஸ் என்பது அனுப்பப்பட்டவன், மிஸ்ஸா என்பது அனுப்பப்பட்டவள், மிஸ்ஸும் என்பது அனுப்பப்பட்டது. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் மேசை, வீடு, மரம் எல்லாம் அஃறிணை. லத்தீனிலோ உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. திருச்சபையைக் குறிக்கும் ‘எக்ளேசியா’ பெண்பால். பலிப்பொருளைக் குறிக்கும் ‘ஓஸ்தியா’வும் பெண்பால். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வோம், பிறகு தேவைப்படும்.

லத்தீன் விவிலியத்தில் இந்தச் சொல் முக்கியமான இடங்களில் வருகிறது. லூக்கா முதல் அதிகாரத்தில் கபிரியேல் தூதர் நாசரேத்துக்கு அனுப்பப்பட்டபோது அவர் ‘மிஸ்ஸுஸ்’. யோவான் முதல் அதிகாரத்தில் திருமுழுக்கு யோவான் கடவுளால் அனுப்பப்பட்டவர், அவரும் ‘மிஸ்ஸுஸ்’. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்றவரை ஆண்டவர் சிலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொல்கிறார். அந்தக் குளத்தின் பெயருக்கு ‘அனுப்பப்பட்டவர்’ என்று பொருள் என நற்செய்தியாளரே விளக்கம் தருகிறார். அங்கும் லத்தீனில் ‘மிஸ்ஸுஸ்’தான். அந்த மனிதர் அனுப்பப்பட்ட இடத்துக்குப் போனார். பார்வையோடு திரும்பி வந்தார்.

நமக்குப் பழக்கமான பல சொற்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் பள்ளி என்கிறோம். ‘மிஸ்ஸியோ’ என்றால் அனுப்புதல். மிஷனரி என்றால் அனுப்பப்பட்டவர். ஏவுகணைக்கு ‘மிஸைல்’ என்று சொல்கிறார்களே, அதுகூட இந்த வேர்தான். அனுப்பப்படுகிற எல்லாம் நன்மை செய்வதில்லை. யார் அனுப்புகிறார், எதற்கு அனுப்புகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெயர்ச்சொல்லாக மாறியபோது

காலப்போக்கில் ‘மிஸ்ஸா’ தனிப் பெயர்ச்சொல்லாகி, வேற்றுமை ஏற்கத் தொடங்கியது. நாம் பூசை, பூசையை, பூசைக்கு, பூசையில் என்று உருபு சேர்க்கிறோம். லத்தீன் தன் சொல்லின் இறுதியையே மாற்றிக்கொள்ளும். பூசை என்பதற்கு மிஸ்ஸா. பூசையை என்பதற்கு மிஸ்ஸாம். பூசையின், பூசைக்கு என்ற இரண்டுக்கும் மிஸ்ஸே. பூசையில் என்னும்போது அதே மிஸ்ஸா, ஆனால் கடைசி உயிர் நீண்டு ஒலிக்கும். பன்மையில் பூசைகள் என்பதற்கு மிஸ்ஸே, பூசைகளின் என்பதற்கு மிஸ்ஸாரும். பூசைப் புத்தகத்துக்கு ‘மிஸ்ஸாலே’ என்று பெயர்.

லத்தீன் இலக்கணமும் தமிழ் இலக்கணமும் நம் மண்ணில் பழைய அறிமுகம் உள்ளவை. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளார், லத்தீன் இலக்கண முறையைப் பின்பற்றித் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் அச்சானது. வேற்றுமை என்றால் என்ன என்று நம் முன்னோருக்கு அவர்கள் கற்றுத்தரவில்லை. நம் முன்னோரிடம் கற்று, தங்கள் நாட்டவருக்கு விளக்கினார்கள்.

ஒரு சிறு தொடரும் அதன் மூன்று விளக்கங்களும்

லத்தீன் பூசையின் இறுதியில் குருவோ திருத்தொண்டரோ மக்களை நோக்கி மூன்று சொற்கள் சொல்வார்: ‘ஈத்தே, மிஸ்ஸா எஸ்த்’. வயதான பலருக்கு இது காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். ‘ஈத்தே’ என்றால் ‘போங்கள்’. பலரை நோக்கிச் சொல்லும் ஏவல். ‘எஸ்த்’ என்றால் ‘இருக்கிறது’ அல்லது ‘ஆகும்’. நடுவில் நிற்கும் ‘மிஸ்ஸா’வை எப்படிப் புரிந்துகொள்வது? இதற்கு அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாகப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

7-ஆம் நூற்றாண்டில் மறைந்த செவில் நகர ஆயர் புனித இசிதோர், திருமுழுக்குப் பெறாத ஆயத்தநிலையினர் வாசகங்களுக்குப் பிறகு வெளியே அனுப்பப்பட்டதோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்தினார். 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினா வேறு விதமாக விளக்கினார். பலிப்பொருள் வானதூதர் வழியாக இறைவனிடம் அனுப்பப்பட்டிருக்கிறது என்பதே அந்த இறுதி அறிவிப்பின் பொருள் என்றார். ‘ஓஸ்தியா’ பெண்பால் என்று பார்த்தோமல்லவா? அதனால் ‘அனுப்பப்பட்டது’ என்பதற்கு ‘மிஸ்ஸா’ என்ற பெண்பால் வடிவம் பொருந்துகிறது. ‘எக்ளேசியா’வும் பெண்பால் ஆகையால், ‘திருச்சபை அனுப்பப்பட்டிருக்கிறது’ என்று கொள்வோரும் உண்டு.

இந்த விளக்கங்கள் அழகானவை. ஆனால் வரலாற்றில் முதலில் இருந்த பொருள் மிக எளிமையானது. அந்தக் கால லத்தீனில் ‘மிஸ்ஸா’ என்றால் ‘கலைதல், விடை கொடுத்தல்’ என்று பொருள். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண்மணி தன் பயணக் குறிப்புகளில், காலை செபமானாலும் மாலை செபமானாலும் அது முடிந்து மக்கள் கலைவதை ‘மிஸ்ஸா’ என்றே எழுதுகிறார். சுமார் 500-ஆம் ஆண்டில் வியன் நகர ஆயர் அவித்துஸ், கோவில்களில் மட்டுமன்றி அரண்மனைகளிலும் நீதி மன்றங்களிலும் மக்களைக் கலையச் சொல்லும்போது இதே தொடரைச் சொல்வார்கள் என்று குறிப்பிடுகிறார். ஆக, ‘போங்கள், சபை கலைகிறது’ என்பதுதான் அதன் நேர்ப்பொருள்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் இந்த இடத்தில் திருப்பலி முடிந்து நிறைவேறியதாக அறிவிக்கிறோம். லத்தீன் தொடரிலோ ‘முடிவு’ என்ற சொல்லே இல்லை. ‘அனுப்புதல்’ மட்டுமே இருக்கிறது.

கடைசிச் சொல் முழுமைக்கும் பெயரானது

ஒரு திருமணத்துக்கு ‘பந்தி கலைதல்’ என்று பெயர் வைப்போமா? ஒரு திருவிழாவைக் ‘கொடியிறக்கம்’ என்று அழைப்போமா? மாட்டோம். ஆனால் மேற்குத் திருச்சபை தன்னிடமுள்ள மிகப் புனிதமான வழிபாட்டுக்கு, அதன் கடைசி நிமிடத்தில் சொல்லப்படும் சொல்லைப் பெயராக வைத்துக்கொண்டது. 385-ஆம் ஆண்டில் நடந்தவற்றைத் தம் சகோதரி மார்செல்லினாவுக்கு மடலில் விவரிக்கும் மிலான் ஆயர் புனித அம்புரோஸ், வழிபாட்டைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்துகிறார். பின்னர் மெல்ல மெல்ல இந்தப் பெயரே நிலைத்தது.

கிழக்குத் திருச்சபையினர் வேறு பெயர் வைத்தார்கள். நம் அண்டை மாநிலமான கேரளத்தில் ‘குர்பானா’ என்கிறார்கள். சிரியாக் மொழியில் அதற்குக் காணிக்கை என்று பொருள். நம் நாட்டில் என்ன நடந்தது? முத்துக்குளித்துறையின் தொடக்ககாலக் கிறிஸ்தவர்களிடையே போர்த்துக்கீசியச் சொற்களும் லத்தீன் சொற்களும் அப்படியே வழங்கின. ‘மிஸ்ஸா’வை அப்படியே சொன்னால் தமிழ்க் காதில் என்னவாக விழும்? ‘மீசை’ என்று விழும்! 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் இத்தகைய சங்கடங்களை உணர்ந்தவர். மக்கள் பேச்சில் பொருள் தரும் சொற்களால் மறையைச் சொல்ல வேண்டும் என்று உழைத்தார். கோவில், பூசை, குரு போன்ற சொற்கள் நம் கிறிஸ்தவ வழக்கில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பிற்காலத்தில் ‘திருப்பலி’ என்ற தமிழ்ச்சொல் வந்தது.

‘பூசை’ என்ற சொல் வணக்கத்தைக் காட்டுகிறது. ‘திருப்பலி’ என்ற சொல் கல்வாரியைக் காட்டுகிறது. இரண்டும் நல்ல சொற்கள். இரண்டும் நமக்கு வேண்டும். ஆனால் ‘மிஸ்ஸா’வுக்குள் இருந்த ‘அனுப்புதல்’ என்ற பொருள் நம் பெயர்களில் இல்லை. அதனால்தானோ என்னவோ, அனுப்பப்படும் அந்தக் கடைசி நிமிடத்தை நாம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2007-இல் வெளியிட்ட நற்கருணை பற்றிய திருத்தூது ஊக்கவுரையில் இதைத் தொட்டுப் பேசினார். பழங்காலத்தில் இச்சொல் வெறும் விடைகொடுத்தலையே குறித்தது. கிறிஸ்தவ வழக்கிலோ அது படிப்படியாக ஆழமான பொருள் பெற்று, பணிக்கு அனுப்புதலைக் குறிக்கலாயிற்று என்றார். அடுத்த ஆண்டு, 2008-இல், புதிய அனுப்புதல் வாய்பாடுகளுக்கு அவர் ஒப்புதல் அளித்தார். ஆண்டவரின் நற்செய்தியை அறிவிக்கப் போங்கள் என்ற பொருளில் ஒன்று. உங்கள் வாழ்வால் ஆண்டவரை மாட்சிப்படுத்திக்கொண்டு அமைதியில் செல்லுங்கள் என்ற பொருளில் இன்னொன்று. பழைய லத்தீன் சொல்லுக்குள் மறைந்திருந்ததை இவை வெளிப்படையாகச் சொல்கின்றன.

தமிழ் சேர்த்துத் தந்த ஒரு சொல்

லத்தீனுக்கு இல்லாத ஒன்றைத் தமிழ் இங்கே சேர்த்திருக்கிறது. ‘ஈத்தே’ என்றால் வெறும் ‘போங்கள்’. நாம் அப்படிச் சொல்வதில்லை. ‘சென்று வாருங்கள்’ என்கிறோம். நம் ஊரில் யாராவது வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொன்னால் வீட்டிலுள்ள அம்மா விடமாட்டார். ‘போயிட்டு வர்றேன்னு சொல்லுப்பா’ என்பார். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறவர்களும் ‘போயிட்டு வாங்க’ என்றே வழியனுப்புகிறார்கள். போவதற்குள்ளேயே வருவதையும் வைத்துப் பேசுவது நம் மொழியின் பண்பு.

நற்செய்தியிலும் அப்படித்தான் இருக்கிறது. லூக்கா பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக அனுப்புகிறார். அவர்கள் போனதோடு அந்தப் பகுதி முடியவில்லை. மகிழ்ச்சியோடு திரும்பி வந்து, நடந்ததை எல்லாம் அவரிடம் சொல்கிறார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து மகிழ்கிறார். ஞாயிறு தோறும் நாம் கோவிலுக்கு வருவது இந்தத் திரும்பி வருதல்தான். ஆறு நாள் எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், எதைச் செய்யத் தவறினோம் என்று சொல்ல ஏதாவது இருந்தால் அல்லவா காணிக்கைப் பவனியில் நாமும் எதையோ கொண்டுவருவதாக ஆகும்?

‘மிஸ்ஸா’ பெண்பால் வடிவம் என்றோம். இலக்கணப்படி அது தற்செயல்தான். அதிலிருந்து கோட்பாடு எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனாலும் அனுப்பப்பட்டவள் என்றதும் ஒரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். யோவான் இருபதாம் அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவர் தம் சீடரிடம் செய்தி சொல்ல முதலில் அனுப்பியது மகதலா மரியாவை. அவர் அங்கேயே ஆண்டவரைப் பற்றிக்கொண்டு நிற்க விரும்பினார். ஆண்டவரோ அவரை அனுப்பினார். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸின் விருப்பப்படி ஜூலை 22-ஆம் நாளின் அவரது நினைவு, திருத்தூதர்களுக்கு உரிய விழா நிலைக்கு உயர்த்தப்பட்டது. நம் பங்கிலும் நோயாளியின் வீட்டுக்கு முதலில் கஞ்சியோடு போகிறவர்கள், துக்க வீட்டில் இரவு முழுக்க உடனிருக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தாம். அந்தப் பெண்பால் வடிவம் அவர்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

கடைசி நிமிடம்

பழைய பூசை முறையில் ‘ஈத்தே, மிஸ்ஸா எஸ்த்’ சொன்ன பிறகும் குரு ஆசீர் வழங்குவார். பிறகு யோவான் நற்செய்தியின் தொடக்கப் பகுதியை வாசிப்பார். ‘போங்கள்’ என்று சொன்ன பிறகும் மக்கள் நின்றிருக்க வேண்டும்! இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்தபோதே, 1965-இல் அந்தக் கடைசி நற்செய்தி வாசகம் நீக்கப்பட்டது. இப்போது ஆசீர் முதலில், அனுப்புதல் இறுதியில். சொல்லும் செயலும் ஒன்றாகிவிட்டன.

அடக்கத் திருப்பலியில் இந்த அனுப்புதல் சொல்லப்படாததைக் கவனித்திருப்பீர்கள். திருப்பலியைத் தொடர்ந்து வேறொரு சடங்கு இருந்தால் நிறைவுச் சடங்கு விடப்படும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. இறந்தவரை இறைவனிடம் ஒப்படைக்கும் சடங்கும் கல்லறை வரை உடன் நடப்பதும் அங்கே தொடர்கின்றன. அந்த நாளில் எங்கே போக வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மற்ற நாள்களில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, நம் கோவிலில் நற்கருணை வாங்கியவுடன் பின்வாசல் வழியாக வெளியேறுகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விடியற்காலையிலேயே கொய்யா பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பழனிக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ போகிற பேருந்தை விட்டால் வேலைக்கு நேரமாகிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தை அழுகிறது, வீட்டில் படுத்திருக்கிற மாமியாருக்கு மருந்து கொடுக்க வேண்டும். இவை உண்மையான கடமைகள். ஆனால் அவசரம் ஒன்றும் இல்லாமலே, பழக்கத்தினால் போய்விடுகிறவர்களும் உண்டு. அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். முன்னதாகவே போகிறவர் வாங்கிக்கொண்டு போகிறார், அனுப்பப்பட்டுப் போகவில்லை. இந்த வழிபாட்டுக்கு எந்தச் சொல்லால் பெயர் வந்ததோ, அந்தச் சொல் சொல்லப்படும்போது அவர் அங்கே இல்லை.

இருந்து கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு: அனுப்பப்பட்டு எங்கே போகிறோம்? சுமார் 155-ஆம் ஆண்டில் உரோமையில் எழுதிய மறைச்சாட்சி புனித யுஸ்தின், ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். கூடிவந்தவர்கள் உண்ட பிறகு, வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுசெல்வார்கள். வசதியுள்ளவர்கள் விரும்பிக் கொடுப்பதைத் தலைவரிடம் சேர்ப்பார்கள். அதைக்கொண்டு அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் பராமரிக்கப்படுவார்கள். ‘மிஸ்ஸா’ என்ற பெயர் வருவதற்கு முன்பே அதன் பொருள் நடைமுறையில் இருந்தது. கோவில் வாசலிலிருந்து குறிப்பிட்ட வீடுகளுக்கு வழி போட்டிருந்தது.

நம்மைச் சுற்றியும் அந்த வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, தனியாக இருக்கும் தாத்தாவும் பாட்டியும் இருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் முறைக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கி, வெவ்வேறு வாசல் வழியாகப் போகிறார்கள். கணவரை இழந்த பிறகு கோவிலுக்கு வரவே கூச்சப்படுகிற சகோதரி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் கூலிக்குப் போயே ஆக வேண்டிய குடும்பம் இருக்கிறது. ‘போங்கள்’ என்று சொல்லப்படுவது இந்த வாசல்களுக்கு.

ஆகவே வருகிற ஞாயிறு இரண்டு காரியங்களைச் செய்வோம். குரு ‘சென்று வாருங்கள்’ என்று சொல்லும் வரை நின்று, அதைத் தனக்கே சொல்லப்பட்டதாகக் கேட்போம். பதிலுரையாக இறைவனுக்கு நன்றி சொல்லும்போது, ‘இன்று இந்த வீட்டுக்குப் போகிறேன்’ என்று ஒரே ஒரு வீட்டை மனதில் குறித்துக்கொள்வோம். பெரிய உதவி எதுவும் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பத்து நிமிடம் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாலும் போதும். அதற்கு அடுத்த ஞாயிறு அந்த வீட்டின் பெயரை விசுவாசிகள் மன்றாட்டின்போது மனதுக்குள் சொல்லுவோம்.

பிதாவினால் அனுப்பப்பட்டு நம்மிடையே வந்த ஆண்டவர் இயேசு, நம்மையும் அனுப்பி, மீண்டும் தம் பந்திக்கு அழைத்துக்கொள்வாராக. ஆமென்.